பச்சையில் பதினான்கு பைசா

பிப்ரவரி 7, சனி

தூக்கம் ஏழு மணி நேரம். இட்லி நான்கு, வாழைப்பழம் ஒன்று. எடை 58.

பிரிசில்லா அக்கா, நீங்கள் சொன்னபடி எழுதுகிறேன். தினமும் பத்து வரி, உண்மை மட்டும். பொய் எழுதினால் திருச்சிக்கு வந்ததும் மைதானத்தை இருபது சுற்று ஓடவிடுவேன் என்று மிரட்டித்தான் இந்த நோட்டைக் கொடுத்தீர்கள். ஊரில் எல்லாருக்கும் பந்தடிக்கச் சொல்லித்தரும் கோச் கிடைக்கிறார்கள். எனக்கு மட்டும் கட்டுரை நோட்டு திருத்தும் கோச்.

தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம் இன்று. ஜெயித்துவிட்டேன், 6-4, 7-5. இருபத்தாறு வயதில் முதல்முறையாக ஒரு சர்வதேசப் போட்டியின் பிரதான சுற்றில், அதுவும் சென்னையில், என் பெயர். என் பெயர் என்று சொல்வது தப்பு. அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் கடைசிப் பெயர் என்ற கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டுத் தொலைத்தோம்; அன்றிலிருந்து ஸ்கோர்போர்டில் நான் 'குழந்தைவேலு வா.' பள்ளிக்கூடத்தில் கு. வான்மதியாக இருந்தவள் இங்கே தலைகீழாகிவிட்டேன். ஆள் அப்பா, இன்ஷியல் நான். பிரெஞ்சுக்கார அம்பயர் அதை 'குலாண்டாவெலூ' என்றார். அந்தப் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் கேலரியில் அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். நான் டபுள் ஃபால்ட் அடித்தபோது மட்டும் தரையைப் பார்த்தார்.

கடைசி கேமில் ஒரு டிராப் ஷாட்டுக்கு ஓடி நின்றேன். வலது முட்டிக்குள் சுருக்கென்றது. சமதரையில் நடக்க முடிகிறது, படி இறங்கினால் தெரிகிறது. அப்பாவிடம் மட்டும் சொன்னேன். பிசியோவிடம் போகவில்லை. போனால் அவர் குறிப்பு எழுதுவார், குறிப்பு உங்களுக்கு வரும், நீங்கள் "விலகிடு" என்பீர்கள். நான் விலக மாட்டேன். இந்தப் பத்தியைக் கிழித்துவிட்டுத்தான் நோட்டை உங்களிடம் தருவேன்.

அப்பா ஐஸ் கட்டி வாங்கிவந்து துண்டில் சுற்றி அரை மணி நேரம் பிடித்துக்கொண்டே இருந்தார். கை மரத்துப் போயிருக்கும். "புது ஷூவாலதான் தப்பிச்ச, பழசா இருந்தா முட்டியே போயிருக்கும்" என்றார். போன மாதம் பூனாவில் கணுக்கால் பிசகி நடுவில் வெளியேறினேனே, அதற்கு மறுநாள் அவர் வாங்கிக்கொடுத்த ஷூ. பதினாறாயிரம். ஏதுப்பா பணம் என்றதற்கு, "அப்பன்கிட்ட கணக்கு கேப்பியா" என்று சிரித்தார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

தூக்கம் ஆறு. இட்லி மூன்று. நான்காவதைக் கோபத்தில் வைத்துவிட்டேன்.

காலை டிபனின்போது அப்பா மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு செல்போனைப் பார்த்து வாசித்தார்.

"மஞ்சள்ல இருபத்தேழு. நீலத்துல இருபத்தெட்டு. பச்சையில இருபத்தாறு."

"என்னப்பா அது, தக்காளியா?"

"நீதாம்மா."

செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு வெளிநாட்டுச் சந்தைகளில் சீட்டு விற்கிறார்களாம். வான்மதி ஜெயிப்பாள் என்று ஒரு சீட்டு. ஜெயித்தால் சீட்டுக்கு ஒரு ரூபாய், தோற்றால் குப்பை. இன்றைக்கு ஜனங்கள் அதற்குக் கொடுக்கும் விலை இருபத்தேழு பைசா. வான்மதி தோற்பாள் என்பதற்கும் சீட்டு உண்டு, அது எழுபத்துமூன்று. எதிராளி மிலேனா ஓர்லிச், ஸ்லோவேனியாக்காரி. தரவரிசையில் அவள் 117, நான் 346. அதனால் விலையில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் சட்னி தொட்டுக்கொண்டிருக்கும்போது சொல்ல வேண்டுமா?

இங்கே அதெல்லாம் தடை. டொராண்டோவில் இருக்கும் அத்தை மகன் பிரபாகர் அத்தானின் கணக்கில் எட்டிப்பார்க்கிறாராம். "சும்மா பாக்கத்தாம்மா. மூணு கடையிலயும் மூணு விலை வெச்சிருக்கான் பாரு."

ஒப்பிட்டுப் பார்ப்பது என்றால் அப்பாவுக்குச் சோறு தண்ணி வேண்டாம். கூட்டுறவு வங்கியில் முப்பத்தோரு வருடம் இருந்தவர். மிக்ஸி வாங்க சின்னக்கடை வீதியில் பதினோரு கடை ஏறி, முதல் கடையிலேயே வாங்கினார். ஓய்வுபெற்ற பணத்தை எங்கே டெபாசிட் போடலாம் என்று நான்கு மாதம் நோட்டில் கட்டம் போட்டார். இப்போதும் அதே நோட்டு. மஞ்சள், நீலம், பச்சை என்று கடைக்கு ஒரு நிறமாக மூன்று கட்டம். இந்தப் பக்கம் கமிஷன், பணம் எடுக்க எத்தனை நாள், ரிட்டயர் என்று மூன்று வரிசை. ரிட்டயர் ஆனவர்களுக்கு டெபாசிட்டில் கால் சதவீதம் கூடத் தருவார்கள் இல்லையா, சூதாட்டத்திலுமா அதைத் தேடுகிறார் என்று எனக்குச் சிரிப்பு.

"அப்பா, நாம கையெழுத்து போட்டிருக்கோம். ஆட்டக்காரியோட குடும்பத்துல யாரும் பந்தயம் கட்டக்கூடாது."

"எனக்கா சொல்ற? அந்தப் பரீட்சைக்கு உனக்கு பதில் சொல்லிக் கொடுத்ததே யாரு?"

உண்மைதான். வருடாவருடம் இணையத்தில் இருபது கேள்வி கேட்பார்கள். பந்தயம், லஞ்சம், உள்செய்தி என்று. எனக்குத் தூக்கம் வரும். அப்பாதான் பக்கத்தில் உட்கார்ந்து விடை சொல்வார். இருபதுக்கு இருபது.

முட்டி: படி இறங்கும்போது மட்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

பயிற்சி நாற்பது நிமிடம். சர்வ் நன்றாக விழுகிறது. பின்னால் ஓட வேண்டியிருந்தால் முட்டி வேண்டாம் என்கிறது.

அப்பா குளிக்கப் போயிருந்தபோது அவர் செல்போனில் நானே பார்த்தேன். மஞ்சளில் இருபத்தேழு. நீலத்திலும் இருபத்தேழு. பச்சையில் பதினான்கு.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல! இரண்டு கடையில் ஒரே விலைக்குப் போகிறவள் மூன்றாவது கடையில் பாதி விலைக்கா? அழுகல் சரக்கா நான்? சந்தையில் யாரோ எனக்கு எதிராக அள்ளி அள்ளிச் சீட்டு வாங்கியிருக்கிறார்கள். பச்சையில் கூட்டம் குறைவு, பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள். அதனால் ஒரே ஆள் கொஞ்சம் பெரிய தொகை போட்டாலே விலை சரிந்துவிடும். இதுவும் அப்பா சொல்லிக் கொடுத்ததுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். மற்ற இரண்டிலும் என் முழுப்பெயர், படம், இந்தியக் கொடி எல்லாம் இருக்கிறது. பச்சையில் வெறும் 'குழந்தைவேலு.' படமில்லை, இன்ஷியல்கூட இல்லை. தெரியாதவன் பார்த்தால் யாரோ தாத்தா டென்னிஸ் ஆடுகிறார் என்றுதான் நினைப்பான். இந்த ஆளை வேலை மெனக்கெட்டுத் தேடி எதிராக யார் பணம் போடுவார்கள்? என் முட்டியைப் பற்றி எவனோ மோப்பம் பிடித்திருக்க வேண்டும்.

முட்டியைப் பற்றித் தெரிந்தவர்கள்: நான், அப்பா, ஐஸ் கட்டி. ஐஸ் சொல்லியிருக்காது.

பயிற்சியின்போது நொண்டியிருப்பேன், யாராவது பார்த்திருப்பார்கள்.

பிற்பகல்

பிரிசில்லா அக்கா போன் செய்தார். அவர் குரலைக் கேட்டதும் முட்டி விஷயத்தைக் கொட்டிவிட்டேன். (அக்கா, கிழிக்க நினைத்த பக்கத்தைக் கிழிக்கவில்லை. அதற்காக இருபதைப் பத்தாக்குங்கள்.)

"எருமை. மூணு நாளா சொல்லாம வெச்சிருக்க?" என்றார். "சரி, ஆடு. உன்னைத் தடுத்தா நீ என்னைத் தின்னுடுவ. ஆனா ஒண்ணு. வலி குத்துச்சுன்னா அந்த நிமிஷமே வெளிய வந்துடணும். ரெண்டாவது கேமா இருந்தாலும் சரி, ரெண்டாவது பாயிண்டா இருந்தாலும் சரி. ஸ்கோரைப் பாக்காத. புரியுதா?"

புரிகிறது என்றேன்.

மாலை

அப்பா மறுபடி ஐஸ் வைத்தார். முட்டியைச் சுற்றி விரலால் மெதுவாக அழுத்தி, இங்கேயா, இங்கேயா என்று கேட்டார். பிரிசில்லா அக்கா சொன்னதைச் சொன்னேன்.

"அவங்க சொல்றது சரிதான். ஆனா முதல் செட் மட்டும் முடிச்சிடும்மா," என்றார். "அப்புறம் வலிச்சா தாராளமா விட்டுடலாம். ஒரு செட்டாவது ஆடினாத்தான் மரியாதை."

பூனாவிலும் இதையேதான் சொன்னார். "முதல் செட் மட்டும் எப்படியாவது முடிச்சிடு." கணுக்கால் வீங்கிய பிறகும் நான்கு கேம் ஆடி முதல் செட்டை முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அவர் காபி வாங்கப் போனார். நோட்டு மேசைமேல் இருந்தது. ரிட்டயர் என்ற வரிசையில் எழுதியிருந்ததை அப்படியே கீழே எழுதுகிறேன்.

மஞ்சள்: ஆட்டக்காரி எப்போது வெளியேறினாலும் பணம் வாபஸ்.

நீலம்: பாதிப் பாதி.

பச்சை: முதல் செட் முடியுமுன் வெளியேறினால் வாபஸ். முதல் செட் முடிந்த பின் வெளியேறினால் தோல்விக் கணக்கு. தோல்விச் சீட்டுக்கு முழுத்தொகை.

ரிட்டயர் என்றால் டென்னிஸில் ஆட முடியாமல் நடுவில் வெளியேறுவது. பதினான்கு வருடமாக டென்னிஸ் ஆடுகிறேன். அப்பாவின் நோட்டில் பார்த்ததும் எனக்குப் பென்ஷன்தான் ஞாபகம் வந்தது.

காபியில் சர்க்கரை அதிகம். குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 10, செவ்வாய்

காலை எட்டரை. தூக்கம் எழுத விருப்பமில்லை. இட்லி நான்கையும் தின்றேன், வீம்புக்கு.

சாம்பார் வடையைப் பிட்டுக்கொண்டிருந்தார் அப்பா. கேட்டுவிட்டேன்.

"பச்சையில எவ்வளவுப்பா போட்டிருக்கீங்க?"

பொய் சொல்வார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் சண்டை போட வசதியாக இருந்திருக்கும்.

"நாப்பதாயிரம். வந்தா பதினோராயிரம் மேல வரும்," என்றார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. "நீ தோத்துடுவன்னு போடலம்மா. இன்ஷூரன்ஸ் மாதிரி. நீ ஜெயிச்சா ஜெயிச்ச சந்தோஷம். தோத்தா இது. எப்படியும் வெறுங்கையோட திரும்ப வேண்டாம் பாரு. குடை எடுத்துட்டுப் போறவன் மழை வரணும்னா வேண்டிக்கிறான்?"

"முட்டியைப் பத்தி யார்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்தர்கிட்டயும் சொல்லல. உன் மேல சத்தியமா."

அதுவும் உண்மைதான். வாயால் சொல்லவில்லை. நாற்பதாயிரத்தால் சொன்னார்.

"பூனாவுலயும் போட்டீங்களா?"

வடையைச் சாம்பாரில் முக்கினார். "ஷூ வாங்கணும்னு சொல்லிட்டே இருந்தியேம்மா."

எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். சிரிப்புதான் வந்தது, கெட்ட சிரிப்பு. பதினோராயிரம்! விற்பதுதான் விற்றார், கொஞ்சம் நல்ல விலைக்கு விற்றிருக்கக் கூடாதா? மிக்ஸிக்குப் பதினோரு கடை ஏறியவர் மகளுக்கு மூன்று கடையோடு நிறுத்திவிட்டாரே.

"நான் இன்னைக்கு ரிட்டயர் ஆக மாட்டேன்," என்றேன்.

"ரிட்டயர் ஆகுறதுல என்னம்மா கேவலம்? நானே ஆயிட்டேன்." சிரிக்கவைக்கப் பார்த்தார்.

"முட்டி கழண்டு கோர்ட்டுல உருண்டாலும் ஆக மாட்டேன். எழுதி வெச்சுக்கங்க. அந்த நோட்டுலயே எழுதிக்கங்க."

புது ஷூவைப் பெட்டியில் போட்டு மூடினேன். பையின் அடியில் பழைய ஷூ இருந்தது. அடிப்பாகம் முன்னால் வாய் திறந்திருக்கிறது. ராக்கெட் கைப்பிடியில் சுற்றும் டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றினேன். விதிப்படி இந்த மாதிரி தெரியவந்தால் உடனே அதிகாரியிடம் சொல்ல வேண்டும். பதினோரு மணிக்கு ஆட்டம். நேரமில்லை என்று எழுதினால் பொய். சொன்னால் ஆடவிட மாட்டார்களோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

மாலை

தோற்றேன். 3-6, 6-4, 6-7. டைபிரேக்கில் 5-7.

முதல் செட்டில் முட்டியை நினைத்தே ஆடினேன். ஓர்லிச் கெட்டிக்காரி, மூன்றாவது கேமிலேயே கண்டுபிடித்துவிட்டாள். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று இழுத்தடித்தாள். 2-5 ஆனபோது வலி குத்தியது. அக்கா சொன்னபடி அப்போதே வெளியே வந்திருக்கலாம். செட் முடியவில்லை, அப்பாவின் பணம் அப்பாவுக்கே வாபஸ் போயிருக்கும், ஒருவருக்கும் நஷ்டமில்லை. இதை நான் கோர்ட்டில் நின்று கணக்குப் போட்டேன் என்பதுதான் இன்றைக்கு எனக்கு நடந்த பெரிய கேவலம். அடுத்த பந்து எங்கே வரும் என்று பார்க்க வேண்டிய மூளை, பச்சையின் விதியைப் படித்துக்கொண்டிருந்தது.

முதல் செட் முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். பிசியோ ஓடிவந்து முட்டியைப் பிடித்தார். தொடர முடியுமா என்று அம்பயர் கேட்டார். கேலரியைப் பார்த்தேன். அப்பா கையை மெல்லக் கீழே அமர்த்திக் காட்டினார். போதும், வா. அவர் முகத்தில் இருந்தது கவலைதான், பேராசை இல்லை. அதனாலேயே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுந்தேன்.

இரண்டாவது செட் எப்படி வந்தது என்று தெரியாது. கணக்கு எல்லாம் மறந்துபோயிற்று. ஓட முடியாவிட்டால் முதல் அடியிலேயே அடித்துவிடு என்று அக்கா எப்போதும் சொல்வீர்களே, அதைத்தான் செய்தேன். கோடு, கோடு, கோடு. எதிரில் ஓர்லிச் தன் மொழியில் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னாள். சத்தியமாகக் கெட்ட வார்த்தைதான், காது குளிர்ந்தது.

மூன்றாவது செட் 5-5, முப்பதுக்கு நாற்பது. அவளுடைய சர்வில் எனக்கு பிரேக் பாயிண்ட். ஜனம் கத்துகிறது. அத்தனை சத்தத்துக்கு நடுவில் ஒரு குரல்.

"விடாத மதி! விடாத!"

அப்பா நாற்காலிமேல் ஏறி நிற்கிறார். அறுபத்திரண்டு வயது, போன வருடம் ஸ்டென்ட் வைத்த ஆள், சட்டை பேன்ட்டிலிருந்து வெளியே வந்து, கழுத்து நரம்பு புடைத்து. அந்தப் பாயிண்டை நான் எடுத்தால் அவருடைய நாற்பதாயிரம் கிணற்றில் விழுகிற மாதிரி. அவருக்கு அது ஞாபகமே இல்லை. அப்பன் என்ற ஜந்து மட்டும் அங்கே நின்று கத்திக்கொண்டிருந்தது. அந்தக் குரலை நான் நம்பினேன். இப்போதும் நம்புகிறேன்.

பந்து வலையில் பட்டு என் பக்கமே விழுந்தது. டைபிரேக்கில் டேப் அறுந்து ஷூ வாயைப் பிளந்தது. ஷூவால் தோற்கவில்லை, ஓர்லிச் நன்றாக ஆடினாள். கை கொடுக்கும்போது என் காலைப் பார்த்து, உனக்கு என்ன பைத்தியமா என்கிற மாதிரித் தலையை ஆட்டினாள்.

வெளியே அப்பா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். ஆட்டோவில் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு செல்போனைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து, ரொம்ப மெதுவாகச் சொன்னார்.

"பச்சைக்காரன் பணத்தை உடனே போட்டுட்டான். நாளைக்கே முட்டிக்கு ஸ்கேன் எடுத்துடலாம்மா."

பிப்ரவரி 11, புதன்

காலை எட்டு மணிக்கு நானே போட்டி அலுவலகத்துக்குப் போனேன். போவதற்குமுன் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன், ஒளித்துச் செய்யவில்லை. பெட்டிக்குள் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தார்.

"எழுதிக் கொடுக்கப் போறேன்ப்பா."

"எனக்குப் புரியுதும்மா. ஆனா உன்னையும்தான நோண்டுவாங்க. உன் ஆட்டத்துக்கு ஏதாவது ஆயிட்டா?"

"ஆகட்டும்."

"இனிமே போடல. சத்தியமா. விட்டுடு."

"நேத்து நான் பந்தைப் பாக்காம உங்க சீட்டைப் பாத்து ஆடினேன்ப்பா. ஒரு செட்டு. அது எனக்குத் திரும்பி வராது."

என்னுடைய துண்டையும் மடித்தார்.

அலுவலகத்தில் அனிலா என்று ஒரு அதிகாரி. மலையாளி, தமிழ் கொஞ்சம் புரியும். ஒரு படிவம் கொடுத்தார். மேலே ஆட்டக்காரரின் பெயர். கீழே யார்மீது சந்தேகமோ அவருடைய பெயர். எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார், மறுபடி படித்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"மேலயும் குழந்தைவேலு. கீழயும் குழந்தைவேலு. நிங்கள் உங்களைப் பத்தியே புகார் கொடுக்கறீங்களா?"

"இல்ல மேடம். கீழ இருக்கிறது எங்கப்பா."

"அப்போ மேல?"

"அதுவும் எங்கப்பாதான்."

"பின்னே நிங்கள் எவிட?"

பெயருக்குப் பின்னால் இருந்த ஒற்றை எழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. வேறு படிவம் எடுத்து, என் முழுப்பெயரைக் கேட்டு, வான்மதி என்று முதலில் அவரே எழுதினார். பிறகு உறவு என்ற கட்டத்தைக் காட்டினார். அதில் 'தகப்பனார்' என்று எழுதி, பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தேன். என் கோபத்துக்கு ஒரு முறை போதும்.

நேற்றுக் காலை எட்டரைக்கே தெரிந்தும் ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். ஆட ஆசை என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

பிப்ரவரி 12, வியாழன்

அப்பா காலை ரயிலில் தனியாகப் போனார். எனக்கு இரண்டு இட்லிப் பொட்டலம் வாங்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தின்றேன்.

பிப்ரவரி 25, புதன்

திருச்சி. தூக்கம் எட்டு. எடை 57. ஸ்கேன் எடுத்தாயிற்று, என் பரிசுப் பணத்தில். ஜவ்வில் சின்னக் கிழிசல், ஆறு வாரம் ஓடக்கூடாது. பிரிசில்லா அக்கா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஷூவைப் பார்த்தார். "கோபத்தைக் கால்ல மாட்டிக்கிட்டு ஆடினா இப்படித்தான்," என்றார். இருபது சுற்றும் பாக்கி இருக்கிறது, முட்டி ஆறியதும் வசூல் செய்வாராம்.

விசாரணைக்காரர்களின் கடிதம் வந்தது. அப்பா இனி நான் ஆடும் எந்த மைதானத்துக்குள்ளும் வரக்கூடாது, மூன்று வருடம். தாமதமாகச் சொன்னதற்காக எனக்கு எச்சரிக்கை, கொஞ்சம் அபராதம். கட்டிவிட்டேன். பிரபாகர் அத்தான் என்னைக் குடும்பத் துரோகி என்று செய்தி அனுப்பியிருந்தார். கமிஷன் எத்தனை சதவீதம் அத்தான் என்று கேட்டு அனுப்பினேன். அம்மா இரண்டு பக்கமும் பேசுகிறார், இரண்டு பக்கமும் அழுகிறார். நான் பிரிசில்லா அக்கா வீட்டு மாடியில் இருக்கிறேன்.

இந்த நோட்டின் நகலையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். இனி எழுதுவதையும் கேட்கலாமாம். கேட்கட்டும். ஐயா, படிக்கிறவர்கள் யாராக இருந்தாலும் குறித்துக்கொள்ளுங்கள்: இன்று காலை இட்லி நான்கு, சட்னியில் உப்பு இல்லை. நான் செய்ததில் எனக்கு வெட்கம் இல்லை. வருத்தம் இருக்கிறது. இரண்டையும் குழப்பாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டேன். பெயரை மாற்ற அல்ல. கடைசிப் பெயர் கட்டத்தில் வான்மதி, முதல் பெயர் கட்டத்தில் குழந்தைவேலு. அவர் இன்ஷியலாக இருக்கட்டும். எங்கள் ஊர் வழக்கம் அதுதானே.

மார்ச் 6, வெள்ளி

இட்லி நான்கு. சைக்கிள் மிதித்தல் இருபது நிமிடம்.

அம்மா போன் செய்தார். பேசிக்கொண்டிருக்கும்போதே போன் கை மாறியது. மூச்சுச் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. சென்னையில் பிரிந்த பிறகு இதுதான் முதல் பேச்சு.

"மதி."

"சொல்லுங்கப்பா."

"முட்டி எப்படிம்மா இருக்கு?"

ஆறு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்த நாளிலிருந்து அப்பா என்னிடம் கேட்கும் கேள்வி அது. முட்டி எப்படி, கணுக்கால் எப்படி, தோள்பட்டை எப்படி. அதில் கள்ளமில்லை என்று எனக்குத் தெரியும். பூனாவிலும் கள்ளமில்லாமல்தான் கேட்டார். சென்னையில் ஐஸ் பிடித்தபோதும் கள்ளமில்லாமல்தான் கேட்டார்.

"அதை மட்டும் கேக்காதீங்கப்பா. இனிமே சொல்ல மாட்டேன்."

வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், வைக்கவில்லை.

"சரிம்மா," என்றார். "சாப்பிட்டியா?"

"ம். இட்லி. நாலு."

"நாலு போதுமாம்மா உனக்கு?" என்றார்.